ஆஸ்டரிஸ்க் குரலஞ்சல்: கணக்கை நீக்கும்போது நிதானம் வேண்டும்

அலுவலகத் தொலைபேசிக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது ஆஸ்டரிஸ்க் என்னும் கட்டற்ற தொலைபேசி மென்பொருளின் குரலஞ்சல் வசதியைத்தான்; அழைப்பை எடுக்காதபோது அழைத்தவரின் செய்தியை அது பதிந்து வைக்கும். உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் பணியிலிருந்து விலகியவரின் கணக்கை நீக்குவதில் மட்டும் இது நம்மை முழுவதும் காப்பாற்றுவதில்லை. இயல்பான அமைவில், குரலஞ்சல் கணக்குகளைப் பட்டியலிடும் அமைப்புக் கோப்பிலிருந்து அவருடைய வரியை அழித்து ரீலோட் செய்தால் கணக்கு மறையுமே தவிர, அவருடைய எண்ணுக்குரிய கோப்புறை வட்டில் அப்படியே இருக்கும். அதில் அவர் குரலில் பதிந்த வாழ்த்துரையும், அவருக்கு வந்த செய்திகளின் ஒலிப்பதிவுகளும், ஒவ்வொரு ஒலிப்பதிவின் அருகே அழைத்தவரின் எண்ணையும் நேரத்தையும் தாங்கிய சிறு உரைக்கோப்பும் கிடக்கும். அதே எண்ணைப் புதியவருக்குக் கொடுத்தால், முன்னவருக்கு வந்த அந்தரங்கச் செய்திகள் இவர் காதில் விழும். இது பொறுத்துக்கொள்ளக் கூடியதன்று. ஆகவே காப்புப்பிரதி எடுத்து, அழைப்புகளை வேறொருவருக்குத் திருப்பிவிட்ட பிறகே வரியையும் கோப்புறையையும் சேர்த்து நீக்குகிறேன்.