எது எப்படிப் பழுதாகும்: ஆபீஸ் செருகுநிரல்களும் சர்வர்களும், ஓர் ஒப்பீடு

எக்செல், வேர்ட் போன்றவற்றில் கூடுதல் வசதி சேர்க்கும் செருகுநிரல்களை விற்பவர்கள் தரும் ஒப்பீட்டு அட்டவணையில் எல்லாக் கட்டங்களிலும் பச்சைக் குறி இருக்கும். நிறுவிய மறுநாள் எக்செலின் மேல்பட்டையில் அந்தப் பொத்தானையே காணவில்லை என்னும்போது அந்த அட்டவணை எதற்கும் உதவாது. ஆகவே வசதிகளை இங்கே ஒதுக்கிவைக்கிறேன். ஒவ்வொரு வகையும் எப்படிப் பழுதாகிறது, காரணம் எந்த இடத்தில் தெரியவரும், சரிசெய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கும் என்ற மூன்றை மட்டும் வைத்துப் பார்ப்போம்.

காம் செருகுநிரலும் வலைச் செருகுநிரலும்

மைக்ரோசாஃப்ட் ஆபீஸில் முக்கியப் போட்டி இந்த இரண்டுக்கும்தான். கணினியிலேயே நிறுவப்படும் காம் (COM) வகை ஆபீஸ் 2000 காலத்திலிருந்து வருவது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் எழுதப்படும் விஎஸ்டிஓ (VSTO) அதன் வழிவந்தது. வலைச் செருகுநிரல் ஆபீஸ் 2013இல் அறிமுகமானது. செருகுநிரலை விவரிக்கும் ஒரு மேனிஃபெஸ்ட் கோப்பு, அது சுட்டிக்காட்டும் ஹெச்டிடிபிஎஸ் முகவரியில் ஒரு வலைப்பக்கம், இவ்வளவுதான் அதன் உடல்.

காம் வகையின் பெரிய குறை, அது சத்தமில்லாமல் செத்துப்போவது. விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் ஒவ்வொரு செருகுநிரலுக்கும் லோட்பிஹேவியர் (LoadBehavior) என்ற மதிப்பு உண்டு. அது 3 என்றிருந்தால் ஆபீஸ் திறக்கும்போதே செருகுநிரலும் ஏறும். ஏறும் வேளையில் பிழை நேர்ந்தால் ஆபீஸ் அதை 2 ஆக மாற்றிவிட்டு, பயனரிடம் எதுவும் சொல்லாமல் தன் வேலையைப் பார்க்கும். காரணத்தைக் களைந்த பிறகும் அந்த 2 அப்படியே கிடக்கும். அதைக் கையால் 3 ஆக்காதவரை பொத்தான் திரும்பாது. மறுபடி மறுபடி நிறுவியும் பலனில்லை என்று புலம்புபவர்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த ஒற்றை எண்ணைத்தான். ஆபீஸ் நடுவழியில் முடங்கியிருந்தால் கதை வேறு: அப்போது செருகுநிரல் ‘முடக்கப்பட்டவை’ பட்டியலுக்குப் போய்விடும். அமைப்புகளில் செருகுநிரல் பக்கத்தின் அடியில் இருக்கும் அந்தப் பட்டியலை யாரும் எளிதில் கண்டுபிடிப்பதில்லை.

அவுட்லுக் இன்னும் கண்டிப்பானது. ஐந்து முறை திறந்ததில் செருகுநிரல் ஏற எடுத்த நேரத்தின் இடைநிலை மதிப்பு 1000 மில்லிநொடியைத் தாண்டினால், அதுவே அணைத்துவிடும். நிரலில் பிழையே இல்லாமலும் இது நடக்கும். பழைய வட்டு, மெதுவான நெட்வொர்க் பகிர்வு, காலையில் கணினி திறந்ததும் ஓடும் வைரஸ் சோதனை ஆகியவை போதும். குழுக் கொள்கை (நிர்வாகி எல்லாக் கணினிகளுக்கும் விதிக்கும் அமைப்பு) வழியாக அந்தச் செருகுநிரலை ‘எப்போதும் இயங்கட்டும்’ என்று குறித்துவைக்கலாம். ஆனால் அதைச் செய்ய நிர்வாகி வேண்டும்.

அடுத்தது 32 பிட், 64 பிட் சண்டை. ஆபீஸ் 2010இல்தான் 64 பிட் பதிப்பு முதன்முதலில் வந்தது. ஆனாலும் 2016 வரை இயல்பாக நிறுவப்பட்டது 32 பிட். ஆபீஸ் 2019 முதல் 64 பிட் இயல்பானது. இதனால் ஒரே அலுவலகத்தில் இரண்டும் கலந்திருப்பது சாதாரணம். சி++இல் எழுதிய காம் கோப்பு ஆபீஸின் பிட் அளவோடு ஒத்திருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் 80040154 என்ற எண்ணுடன் ‘கிளாஸ் பதிவாகவில்லை’ என்ற பிழை வரும், கோப்பு கண்ணெதிரே இருந்தாலும். விஎஸ்டிஓ இதில் ஓரளவு தப்பிக்கிறது. அதை இரண்டுக்கும் பொதுவாகத் தொகுக்க முடியும். ஆனால் கணினி முழுமைக்குமான ரெஜிஸ்ட்ரிப் பகுதியில் பதிவு செய்தால், 32 பிட் ஆபீஸ் ஓர் இடத்தில் தேடும், 64 பிட் ஆபீஸ் வேறிடத்தில் தேடும். பயனருக்கு உரிய பகுதியில் பதிவு செய்தால் இந்தப் பிளவு எழாது. விலை என்னவென்றால், ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக நிறுவ வேண்டும்.

விஎஸ்டிஓவுக்கு ஒரு நற்குணம் உண்டு: கேட்டால் பேசும். விஎஸ்டிஓ_சப்ரஸ்டிஸ்ப்ளேஅலர்ட்ஸ் (VSTO_SUPPRESSDISPLAYALERTS) என்ற விண்டோஸ் சூழல் மாறிக்கு 0 கொடுத்தால், விழுங்கிவைத்த பிழையைத் திரையில் காட்டும். விஎஸ்டிஓ_லாக்அலர்ட்ஸ் (VSTO_LOGALERTS) மாறிக்கு 1 கொடுத்தால், மேனிஃபெஸ்ட் இருக்கும் கோப்புறையிலேயே பதிவேடு எழுதும். இரண்டும் ஆவணங்களில் தெளிவாக இருந்தும் பலருக்குத் தெரியாமல் கிடக்கின்றன. எதிர்காலம்தான் இருள்: விஎஸ்டிஓ டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8 வரிசையோடு நின்றுவிட்டது, டாட்நெட் 5க்குப் பிந்தைய உலகத்துக்கு அது நகரவில்லை.

வலைச் செருகுநிரலில் பிட் சண்டை இல்லை, ரெஜிஸ்ட்ரி இல்லை, நிறுவும் நிரலும் இல்லை. பழுது வேறு உருவில் வருகிறது: பக்கப் பலகை வெள்ளையாகத் திறக்கும். இதற்குப் பழைய ஆபீஸில் முதல் சந்தேகம் உலாவி எஞ்சின். நிறுவனங்கள் மொத்த உரிமத்தில் (வால்யூம் லைசென்ஸ்) வாங்கிய ஆபீஸ் 2016, 2019 இரண்டும் செருகுநிரலை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11இன் எஞ்சினில்தான் காட்டும். ஆபீஸ் 2021 முதல் எட்ஜ் உலாவியின் எஞ்சினான வெப்வியூ2. இன்றைய ஜாவாஸ்கிரிப்டை அந்தப் பழைய எஞ்சினால் படிக்கவே முடியாது, அதனால்தான் வெள்ளைத் திரை. 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், இதற்காக நிரலை வளைப்பதைவிட ஆபீஸை மாற்றச் சொல்வதே நியாயம் என்பது என் கட்சி.

பலகை திறக்காமல் செருகுநிரலே பட்டியலில் தெரியவில்லை என்றால், தேவைத் தொகுதியைப் பாருங்கள்; செருகுநிரல் ஆபீஸிடம் எதிர்பார்க்கும் வசதிகளின் எண்ணிட்ட பட்டியல் அது. மேனிஃபெஸ்டில் கேட்டிருக்கும் தொகுதி அந்த ஆபீஸ் பதிப்பில் இல்லையென்றால், மறைத்துவிடுவதே ஆபீஸின் வழக்கம். மைக்ரோசாஃப்ட் 365 நிர்வாக மையத்திலிருந்து வழங்கினாலும் பொறுமை வேண்டும். எல்லோருக்கும் தெரிய 24 மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் அழித்துவிட்டு மறுபடி வழங்குபவர்கள் காத்திருப்பை நீட்டித்துக்கொள்கிறார்கள். உலாவியில் இயங்கும் ஆபீஸில் மட்டும் உள்நுழைவு முறிந்தால் காரணம் பெரும்பாலும் ஐஃபிரேம்: பல உள்நுழைவுப் பக்கங்கள் இன்னொரு பக்கத்துக்குள் தோன்ற மறுப்பவை. தனி உரையாடல் சாளரத்தைத் திறந்து உள்நுழைய வைப்பதே வழி.

வலை வகையின் சர்வர் சாய்ந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சாயும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் அதிகம். நான் இதை நிறையாகவே எண்ணுகிறேன். ஒரே இடத்தில் பார்த்து ஒரே இடத்தில் சரிசெய்யலாம். உலாவியின் டெவலப்பர் கருவியைத் திறந்தால் சிவப்பு எழுத்தில் காரணம் நிற்கும். காம் வகையிலோ நூறு கணினிகளில் நூறு விதமான நிலைமை. ஆனால் உள்ளூர்க் கோப்புகளோடும் வன்பொருளோடும் ஆழமாகப் பேச வேண்டிய செருகுநிரலுக்கு வலை வகை இன்னும் ஈடாகாது. அங்கே காம்தான்.

அவுட்லுக்குக்கு மட்டும் தனித் தீர்ப்பு எழுத வேண்டும், ஏனெனில் அங்கே பின்னால் நிற்கும் சர்வரும் வழக்கில் ஒரு தரப்பு. விண்டோஸுக்கான புதிய அவுட்லுக் காம், விஎஸ்டிஓ இரண்டையும் அறவே ஏற்பதில்லை. ‘புதிய அவுட்லுக்கை முயன்று பாருங்கள்’ என்ற பொத்தானை ஒருவர் நகர்த்திவிட்டு, செருகுநிரல் அழிந்துவிட்டதாக முறையிட்டால், அதில் பழுது ஏதுமில்லை. பழைய அவுட்லுக்குக்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்பதால் அவகாசம் இருக்கிறது. வலை வகைக்கு மாறலாம் என்றால், மைக்ரோசாஃப்டின் அஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்சைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் ஒரு சுவரில் முட்டுவார்கள். எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டும் மெயில்பாக்ஸ் தேவைத் தொகுதி 1.5 வரைதான் ஏற்கும். நிகழ்வைக் கண்டு தானே விழிக்கும் செருகுநிரலுக்கோ குறைந்தது 1.10 தேவை. ஆக, அஞ்சல் அனுப்பும் கணத்தில் தானாகத் தடுத்துச் சரிபார்க்கும் நவீனக் கருவிகள் மேகத்தில் ஓடும், உங்கள் சர்வர் அறையில் ஓடா. வாங்குவதற்கு முன் விற்பவரிடம் கேட்க வேண்டிய எண் இது.

ஆபீஸுக்குள்ளேயே இருக்கும் நிரல்மொழியான விபிஏவில் எழுதிய மேக்ரோக் கோப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. 64 பிட்டில் முறிந்தால், விண்டோஸ் அழைப்புகளின் முன் பிடிஆர்சேஃப் (PtrSafe) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண எழுத்துச் சார்புகள்கூட வேலை செய்யவில்லை என்றால், ரெஃபரன்ஸ் பட்டியலில் ‘மிஸ்ஸிங்’ என்று ஒரு வரி இருக்கும். 2022 ஜூலைக்குப் பின் இணையத்திலிருந்து இறங்கிய கோப்பின் மேக்ரோக்கள் இயல்பாகவே தடுக்கப்படுகின்றன. கோப்பின் பண்புகளில் தடையை நீக்கலாம். நம்பகமான கோப்புறையில் வைப்பது அதைவிட ஒழுங்கான வழி.

இலவச ஆபீஸ் தொகுப்பான லிப்ரெஆபீஸின் நீட்சிகள் (அதன் செருகுநிரல்கள்) ஒப்பீட்டில் எளிமையானவை, ஆனால் இரண்டு பொறிகள் உண்டு. ஜாவாவை நம்பும் நீட்சிக்கு, ஜாவாவும் லிப்ரெஆபீஸும் ஒரே பிட்டாக இருக்க வேண்டும். லினக்ஸில் ஃபிளாட்பேக், ஸ்னாப் என்ற வேலியிட்ட பொதிகள் வழியாக நிறுவியிருந்தால், கணினியில் இருக்கும் ஜாவா அந்த வேலிக்குள் தெரியாமல் போகலாம். மற்றதற்கெல்லாம் உதவி மெனுவில் உள்ள பாதுகாப்பு முறை போதும். நீட்சிகளை அணைத்துத் திறந்து பார்க்கலாம், பயனர் சுயவிவரத்தையும் அங்கிருந்தே புதுப்பிக்கலாம். மைக்ரோசாஃப்ட் இவ்வளவு நாகரிகமாக ஒரு திரையைத் தந்திருக்கலாம்.

சர்வரில் ஆவணம் தயாரிக்க

இங்கே தவறான தேர்வு ஒன்று தெளிவாக இருக்கிறது: சர்வரில் எக்செலையோ வேர்டையோ நிறுவி, அதை நிரல் வழியாக இயக்குவது. மைக்ரோசாஃப்டே இதைப் பரிந்துரைக்கவில்லை, ஆதரிக்கவும் இல்லை என்று பல ஆண்டுகளாக எழுதிவைத்திருக்கிறது. ஆபீஸ் எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக் கட்டப்பட்ட மென்பொருள். சேவையாக ஓடும்போது அது எழுப்பும் கேள்விப் பெட்டி யாருக்கும் தெரியாத அமர்வில் திறந்து, பதிலுக்குக் காத்துக்கொண்டே நிற்கும். 80070005 என்றால் அனுமதி மறுப்பு. 80080005 என்றால் ஆபீஸ் சர்வராக எழவே இல்லை. சிஸ்டம் கணக்கின் சுயவிவரத்துக்குள் ‘டெஸ்க்டாப்’ என்ற வெற்றுக் கோப்புறையை உருவாக்கினால் சரியாகிவிடும் என்ற கைவைத்தியம் பல இடங்களில் உண்மையாகவே பலிக்கிறது. பலிப்பதாலேயே இந்த முறை சாகாமல் இருக்கிறது.

மாற்று இரண்டு. மைக்ரோசாஃப்டின் நிரல் நூலகமான ஓப்பன் எக்ஸ்எம்எல் எஸ்டிகே கோப்பை நேரடியாக எழுதும். ஆபீஸே வேண்டாம், வேகம் அதிகம், பழுதும் குறைவு. ஆனால் அது சூத்திரங்களைக் கணக்கிடாது, பிடிஎஃப் ஆக்காது. லிப்ரெஆபீஸைத் திரையில்லாமல் இயக்கும் முறை இரண்டையும் செய்யும். அதன் பழுதுகளும் கைவிரலில் எண்ணத் தக்கவை. இரண்டு வேலைகள் ஒரே பயனர் சுயவிவரத்தைப் பிடித்தால் ஒன்று வெறுங்கையோடு திரும்பும்; ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சுயவிவரப் பாதை கொடுங்கள். வலைச் சர்வரின் கணக்குக்கு எழுதத் தக்க வீட்டுக் கோப்புறை இல்லையென்றாலும் எதுவும் வராது. பக்கங்கள் நகர்ந்து அச்சானால் எழுத்துரு இல்லை என்று பொருள்: காலிப்ரிக்கு அதே அகலமுள்ள கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கலாடியா நிறுவினால் வரிகள் இடம் திரும்பும்.

உலாவியில் திருத்தும் சர்வர் என்றால், கொலாபொராவும் ஒன்லிஆபீஸும் நேர் போட்டியாளர்கள். கொலாபொரா லிப்ரெஆபீஸை அடித்தளமாகக் கொண்டது. பக்கத்தைச் சர்வரிலேயே வரைந்து துண்டுகளாக அனுப்பும். ஒன்லிஆபீஸ் உலாவியிலேயே வரையும். அதன் தாய்மொழி மைக்ரோசாஃப்டின் கோப்பு வடிவம். லிப்ரெஆபீஸின் வடிவமான ஓடிஎஃப் கோப்புகள் நிறைந்த அலுவலகத்தில் முன்னது, வேர்ட், எக்செல் கோப்புகள் நிறைந்த இடத்தில் பின்னது என்று நான் பிரிப்பேன்.

கொலாபொராவின் வழக்கமான பழுது இடைநிலைச் சர்வரில் (ரிவர்ஸ் பிராக்ஸி): 9980 போர்ட்டுக்கு வெப்சாக்கெட் என்ற தொடர் இணைப்பைக் கடத்த மறந்தால் ஆவணம் ஏறிக்கொண்டே இருக்கும். அடுத்தது, அனுமதிக்கப்பட்ட சேமிப்புச் சர்வர் பட்டியலில் உங்கள் சர்வரின் பெயர் இல்லாதது. ஒன்லிஆபீஸில் சிக்கல் திசை மாறும். ஆவணச் சர்வரே சேமிப்புச் சர்வரைத் தேடிப்போய்க் கோப்பை எடுக்கிறது. அதனால் உங்கள் உலாவியில் இரண்டும் திறந்தாலும், அவை ஒன்றையொன்று பார்க்க முடியாவிட்டால் பதிவிறக்கம் தோற்கும். உள் நெட்வொர்க்கின் தனி முகவரிகளை அது இயல்பாகத் தடுப்பதும் சேர்ந்துகொள்ளும். 7.2 பதிப்பு முதல் ஜேடபிள்யூடி (ரகசியச் சொல்லால் கையெழுத்திட்ட டோக்கன்) சரிபார்ப்பு இயல்பாகவே இயங்குகிறது. இரு பக்கமும் ஒரே ரகசியச் சொல் இல்லையென்றால் ‘பாதுகாப்பு டோக்கன் சரியாக அமையவில்லை’ என்று நேராகவே சொல்லிவிடும். பிழைச் செய்தியின் நேர்மையில் ஒன்லிஆபீஸுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். எழுத்துருவைச் சேர்த்த பிறகு அதன் எழுத்துருப் பட்டியலை மறுபடி உருவாக்கும் ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும் என்பதில் அரை மதிப்பெண் குறைவு.

எதைத் தேர்ந்தாலும், உங்கள் காம் செருகுநிரல்கள் இவற்றில் ஓடா. அவற்றை நம்பியிருக்கும் துறையை மேசைக் கணினி ஆபீஸிலேயே விட்டுவைப்பது நல்லது.

மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் ஆன்லைன் சர்வரையும் மூன்றாவது போட்டியாளராகச் சேர்த்திருப்பேன். எக்ஸ்சேஞ்ச், ஷேர்பாயின்ட், டொமைன் கன்ட்ரோலர் எதனோடும் ஒரே கணினியில் அது குடியிருக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும்; நிறுவல் முறிவுகளில் கணிசமானவை அங்கிருந்தே வரும். ஆனால் அதன் ஆதரவு 2026 டிசம்பர் 31இல் முடிகிறது. புதிதாக நிறுவ நினைப்பவர்கள் விட்டுவிடலாம். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதன் பழுதுகளில் செலவிடும் நேரத்தை மற்ற இரண்டில் ஒன்றைச் சோதிக்கச் செலவிடலாம்.