எடை குறைப்பு ஆபரேஷன் செய்த தைராய்டுக்காரர்களே, டிஸ்சார்ஜ் சீட்டை ஒருமுறை பாருங்கள்

மதுரையில் ஒரு தனியார் மையத்தில் பேக்கேஜ் பேசி ஸ்லீவ் (இரைப்பையைச் சிறிதாக்கும்) ஆபரேஷன் செய்துகொண்ட மேலூர்ப் பக்கத்துப் பெண்ணுக்கு நடந்தது இது. மையத்தின் பெயரை விடுங்கள், சீட்டைப் பாருங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் "காலை 6 மணி" என்று போட்டு ஒரே வரியில் நாலு மாத்திரை: தைராக்சின் (தைராய்டு குறைவுக்கான மாத்திரை) 100 மைக்ரோகிராம், பேன்டோப்ரசோல் (வயிற்று அமிலத்தைக் குறைப்பது), கால்சியம், இரும்பு. கால்சியமும் இரும்பும் தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. மாத்திரை நன்றாகக் கரைய வயிற்று அமிலமும் வேண்டும். ஸ்லீவில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவதால் அமிலம் குறைகிறது. மிச்சத்தை பேன்டோப்ரசோல் அடக்கிவிடுகிறது.

சரியான முறை இதுதான்: எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராக்சின் மட்டும்தான். காபிக்கு ஒரு மணி நேரம் பொறுக்கணும். கால்சியமும் இரும்பும் குறைந்தது 4 மணி நேரம் தள்ளி. அந்த இரண்டையும்கூடச் சேர்த்துப் போடக்கூடாது. மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். சோயா புரோட்டீன் பவுடரும் தைராக்சினோடு ஒத்துப்போகாது, தள்ளியே குடிக்கணும்.

நாலாம் மாதம் முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. எடை வேகமாக இறங்கினால் 3 முதல் 6 மாதத்துக்குள் இப்படி உதிர்வது வழக்கம். பெரும்பாலும் தானே நின்றுவிடும். தினம் 60 கிராம் புரதமாவது உள்ளே போகிறதா, ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சேமிப்பு) எவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கவுண்டரிலேயே 10 மில்லிகிராம் பயோட்டின் (முடிக்கென்று விற்கும் வைட்டமின்) மாத்திரையைத் தலையில் கட்டினார்கள். உடம்புக்குத் தினத் தேவை 30 மைக்ரோகிராம்தான்!

வினை அதோடு முடியவில்லை. பல லேப் மெஷின்கள் பயோட்டினை வைத்தே அளவெடுக்கின்றன. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ஏறும், கூடினால் இறங்கும் அளவு) உண்மையைவிடக் குறைவாகவும், டி4 (தைராய்டு ஹார்மோன்) கூடுதலாகவும் காட்டும். அவருக்கு டி.எஸ்.எச். 0.1 என்று வந்தது. "எடை குறைஞ்சிருச்சுல்லம்மா, டோஸ் ஜாஸ்தியாயிருச்சு" என்று 50-க்கு இறக்கினார்கள். எடை குறைந்தால் டோஸ் குறைவது உண்மைதான் (முழு டோஸ் கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 மைக்ரோகிராம் கணக்கு). அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிறகு மலச்சிக்கல், முக வீக்கம், சித்திரை வெயிலிலும் குளிர். எடை இறங்குவது நின்றுபோனதும், "நீங்க வாயைக் கட்டல" என்று இன்னொரு டயட் பேக்கேஜுக்குப் பணம் கேட்டார்கள். வெளியே ஒரு டாக்டர் சொல்லி, பயோட்டினை 3 நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்தார். டி.எஸ்.எச். 28, அதாவது தைராய்டு பற்றாக்குறை.

இதே குழப்பம் எதிர்ப்பக்கமும் வரும். எடை குறைக்க இரைப்பை பைபாஸ் (உணவு நேரே குடலுக்குப் போக வழி மாற்றும் ஆபரேஷன்) செய்தவர் ஒரு ஜிகர்தண்டா குடித்த அரை மணியில் படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் அது தைராய்டு கூடியதாகத்தான் இருக்கணும் என்றில்லை. சர்க்கரை குடலுக்குள் சட்டென்று இறங்கும் 'டம்பிங்' ஆகவும் இருக்கலாம். அதைப் பார்த்து மாத்திரையை நீங்களே குறைத்துவிடாதீர்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்: முதல் வருஷத்து டி.எஸ்.எச். டெஸ்ட் பேக்கேஜில் உண்டா, ரிசல்ட்டைப் பார்ப்பது யார்? டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டெஸ்ட் எடுக்கணும். வாராவாரம் எடுக்கச் சொன்னால் காசுதான் தண்டம். ரத்தம் கொடுக்கும்போது என்னென்ன சத்து மாத்திரை போடுகிறீர்கள் என்று லேப்பில் சொல்லுங்கள். மல்டிவைட்டமின் அட்டையின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், சிலதில் 'வைட்டமின் பி7' என்று போட்டிருக்கும். அதுவும் பயோட்டின்தான்.