திராவா கரையில் சிவப்புக் குழம்பு

குரோவேஷியாவின் ஓசியெக்கில், திராவா ஆற்றை ஒட்டிய ஒரு சின்ன உணவகம். ஃபிஷ் பாப்ரிகாஷ் கேட்டேன். கெண்டை, கெளுத்தி மீன்களை மிளகாய்த்தூளோடு விறகடுப்பில் கொதிக்கவிடுகிறார்கள். கரண்டி போட்டால் மீன் உடைந்துவிடுமாம். கொப்பரையைப் பிடித்து ஆட்டத்தான் செய்கிறார்கள். நிறம் பயமுறுத்தியது, காரம் அவ்வளவில்லை. நம் நாக்குக்கு இன்னும் கொஞ்சம் புளிப்பு வேண்டும். கூட வந்த அகல நூடுல்ஸ் அருமை! மீன் முள்தான் தொல்லை. பரிமாற முக்கால் மணி நேரம், தண்ணீரையும் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. சாப்பிட்டபின் த்வர்ஜாவுக்கு நடந்தேன். 1687இல் உஸ்மானியத் துருக்கியர்களை விரட்டிய பிறகு, ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தினர் எழுப்பிய கோட்டைப் பகுதி அது. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். அரை நட்சத்திரம் ஆற்றுக் காற்றுக்கு.