ஹோவா 1500, .308 காலிபர்: தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் முட்காட்டுக்கு எப்படி?

டர்பனிலிருந்து வடக்கே இம்பாலா, நியாலா மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு முதல் துப்பாக்கியாக இந்த ஜப்பானிய போல்ட் ரைஃபிளை (கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை)த் தயங்காமல் சொல்லலாம். விசை இரண்டு கட்டமாக இழுபடும். இரண்டாவது சுத்தமாக விடும். பாதுகாப்புப் பூட்டை நடு நிலையில் வைத்தே தோட்டாவை வெளியே எடுக்கலாம்.

குறை, குழலைத் தாங்கும் ரப்பர் பூசிய கட்டையில். அதன் முன்பகுதி வளையும். இருகால் தாங்கியில் அழுத்திச் சாய்ந்தால் குழலைத் தொடும், குறி நகரும். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காகிதத்தை ஓட்டிப் பாருங்கள். சிக்கினால் கட்டையை மாற்றுவதே வழி.

இம்பாலாவுக்கு 150 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு தாராளம். கூடூ மானுக்கு 180 கிரெய்ன், அதுவும் ஈயம் செம்பு உறையோடு பிணைந்த வகை. மெல்லிய உறைக் குண்டு கிட்டத்திலிருந்து பாய்ந்தால் தோள் எலும்பிலேயே சிதறும். காயம்பட்ட மிருகம் முட்புதருக்குள் போனால் பாடு பெரும்பாடு. கனத்த குண்டு சுள்ளியை அறுத்துக்கொண்டு நேரே போகும் என்பார்கள். நம்பாதீர்கள், எந்தக் குண்டும் விலகும். இதயம் தாழ்வாக, முன்னங்காலுக்கு நேர் மேலே இருக்கிறது: உடல் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு.

100 மீட்டரில் 5 சென்டிமீட்டர் மேலே படும்படி தொலைநோக்கியைச் சரிசெய்தால் சுமார் 180 மீட்டர் வரை குண்டு எவ்வளவு தாழும் என்று கணக்கே போட வேண்டாம்.

ஈலாண்டு என்ற பெரிய மானின் கடா 700 கிலோவைத் தாண்டும். அதற்கு .30-06 தோட்டா கூட இழுபறிதான்; அதைவிடப் பெரிய .375 எச் அண்ட் எச் தோட்டா நிம்மதி. காட்டெருமைக்கு .375-க்குக் கீழே பேச்சே இல்லை.

தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தகுதிச் சான்றிதழ் முதலில், பிறகு துப்பாக்கிக்குத் தனி உரிமம். எப்போதாவது வேட்டையாடுகிறவர் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்க முடியாது.