பெங்களூரில் ராத்திரி ரெண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது?

இந்த முறை ஊருக்குப் போனது கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ இல்லை. ஜோகுபாளையாவில் இருக்கும் அக்காவின் மகனுக்கு இருமுனைக் கோளாறு, அதாவது பைபோலார், மனம் சில காலம் அளவுக்கு மீறிப் பொங்கி, சில காலம் சோர்ந்துபோகிற நோய். மாத்திரையை நிறுத்திவிட்டான், நாள் கணக்கில் தூக்கம் இல்லை, நடுராத்திரி பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான் என்று அக்கா போனில் அழுததும் டொராண்டோவிலிருந்து டிக்கெட் போட்டேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாதீங்க மாமா" என்றான், சரி.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பலர் நினைப்பதுபோல் ஊரில் ஒன்றுமே இல்லை என்பது உண்மை இல்லை. 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, இலவசம், ராத்திரியும் எடுக்கிறார்கள், தமிழ் உட்பட 20 மொழிகளில் பேசலாம். அக்கா பக்கத்து வீட்டோடு கன்னடத்தில் சண்டையே போடுவாள், ஆனால் மகனைப் பற்றிச் சொல்ல தமிழ்தான் வந்தது. எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டார், முதலில் பைக் சாவியையும் வீட்டில் இருக்கும் மாத்திரைகளையும் கைக்கு எட்டாமல் வைக்கச் சொன்னார், நாளைக்கே பெங்களூரின் பெரிய அரசு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். எல்லாம் சரி. ஆனால் "நாளைக்கு" வரைக்கும்?

சிக்கல் அந்த இடைவெளியில்தான். டொராண்டோவில் 211-ஐ அழைத்தால், போலீஸ் இல்லாமல், பயிற்சி பெற்ற ஆட்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து பேசுகிற ஒரு ஏற்பாடு 2022-ல் தொடங்கினார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு இங்கே விசாரித்தேன். வந்த ஆம்புலன்ஸ்காரர் "பேஷன்ட் தானா ஏறினா ஏத்திக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றார். ஒரு தனியார் ஆஸ்பத்திரி முதலில் அட்வான்ஸ் தொகையைச் சொன்னது, பிறகு பையன் கத்துகிறான் என்றதும் படுக்கை இல்லை என்றது. போலீஸைக் கூப்பிட அக்காவுக்கு மனமே வரவில்லை, தெருவே வேடிக்கை பார்க்கும் என்ற பயம். அவள் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன், ஆனாலும் சட்டத்தில் இருப்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, நோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து உண்டாக்கும் நிலையில் இருப்பவரைப் பாதுகாப்பில் எடுப்பது போலீஸின் கடமை, லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அவசர நிலையில் மனநல மருத்துவர்தான் என்று இல்லை, பதிவு பெற்ற எந்த டாக்டரும் 72 மணி நேரம் வரை முதல் சிகிச்சை தரலாம், மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் அதில் சேரும். இது தெரிந்திருந்ததால்தான் அக்காவின் பழைய குடும்ப டாக்டரை எழுப்பி வரவைக்க முடிந்தது. அவர் வந்து ஒரு ஊசி போட்ட பிறகு, அவனுடைய காலேஜ் நண்பன் வந்து "வாடா மச்சான், நானும் வரேன்" என்றதும் காரில் ஏறிவிட்டான். நாங்கள் எல்லாரும் சேர்ந்து கெஞ்சி நடக்காதது அது.

நிம்ஹான்ஸில் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் உண்டு. காத்திருப்பு நீளம்தான், கூட்டம் கர்நாடகாவிலிருந்து மட்டும் இல்லை, ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், ஆந்திரா என்று எங்கெங்கிருந்தோ. திறந்த வார்டில் சேர்த்தால் வீட்டார் ஒருவர் கூடவே தங்க வேண்டும். முதலில் எனக்கு இது ஆள் பற்றாக்குறையால் செய்கிற ஏற்பாடு என்றுதான் பட்டது. பிறகு ஒரு டாக்டர் சொன்னார், 1950களில் அமிர்தசரஸில் வித்யா சாகர் என்ற மருத்துவர் நோயாளிகளின் குடும்பத்தாரை ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தாராம், அப்படி இருந்தவர்கள் நோயைப் புரிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்களாம். டொராண்டோவில் பார்வையாளர் நேரம் முடிந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள். எது மேல் என்று கேட்டால், இதில் ஊரைத்தான் சொல்வேன், கூடத் தங்குகிறவளின் சம்பளம் போவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்ற குறையோடு.

அந்த வார்டு வராந்தாவில்தான் அக்காவுக்கு நிஜமான உதவி கிடைத்தது. ஸ்ரீராமபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, மகளோடு பல வருஷமாக வந்துபோகிறவர், பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே சொன்னதெல்லாம் எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் இல்லை. இந்த நோய்க்குத் தருகிற லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவன் தண்ணீர் நிறைய குடிக்கணும், தலைவலிக்கு ஐபுப்ரொஃபென் மாதிரி மாத்திரையைத் தானாக வாங்கிப் போடக் கூடாது, ரத்தத்தில் அளவு பார்க்கிற தேதியைத் தவறவிடாதே, அவன் பெரிய பெரிய திட்டம் சொன்னால் மறுத்துப் பேசாதே, "சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்று மட்டும் சொல். டாக்டரும் இதையேதான் சொன்னார், ஆனால் இரண்டு நிமிஷத்தில், ஆங்கிலத்தில். சக குடும்பங்கள் சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் என்றும் இல்லை. ஒருவர் மாத்திரையைப் பொடித்து சாம்பாரில் கலந்துவிடச் சொன்னார், நர்ஸ் காதில் விழுந்து நல்ல திட்டு வாங்கினார். தெரியாமல் கொடுத்தது ஒருநாள் தெரியவந்தால் அப்புறம் அந்த வீட்டுச் சோற்றையே அவன் நம்ப மாட்டான்.

பெங்களூருக்கு இதில் ஒரு பழைய மரபும் உண்டு. அமெண்ட் (AMEND) என்ற அமைப்பு நோயாளிகளின் குடும்பத்தார் தாங்களே சேர்ந்து தொடங்கியது, ரிச்மண்ட் ஃபெலோஷிப், மெடிகோ பாஸ்டோரல் அசோசியேஷன் இரண்டும் வார்டுக்கும் வீட்டுக்கும் நடுவே தங்கிப் பழக இடம் தருகிறவை. ஆனால் இவற்றையும் 14416-ஐயும் நிம்ஹான்ஸையும் குடும்ப டாக்டரையும் சேர்த்துக் கட்டுகிற கயிறு யார் கையிலும் இல்லை, வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணின் தலையில்தான் விழுகிறது.

அவன் தெளிந்த பிறகு எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். சட்டப்படி அவன் தன் சார்பில் பேச ஒருவரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம், அந்த ஆளும் சம்மதம் எழுதித் தர வேண்டும். அக்காவைப் போடுவான் என்று நினைத்தோம், அந்த நண்பனைப் போட்டான். அக்காவுக்கு முகம் சுருங்கிப்போச்சு, ரெண்டு நாள் சரியாகப் பேசவில்லை. எனக்கென்னவோ அவன் செய்தது சரி என்றுதான் படுகிறது, அம்மாவிடம் சண்டை போடுகிற நேரத்திலும் கேட்கக்கூடிய ஒரு குரல் வேண்டும் இல்லையா? மருந்துப் பெயர், அளவு, எந்த அறிகுறி வந்தால் யாரைக் கூப்பிடுவது, எந்த ஆஸ்பத்திரி என்று ஒரே பக்கத்தில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டினோம், மூன்று பேர் போனிலும் இருக்கிறது.

என்னைப் பணம் அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை, எனக்குக் கிடைத்தது ராத்திரி டியூட்டி. பெங்களூரில் ரெண்டு மணி என்றால் கோடைக்காலத்தில் டொராண்டோவில் மாலை நாலரை, நான் முழித்திருக்கிற நேரம். 14416-ஐ டொராண்டோவிலிருந்து போட முடியாது, அதனால் அக்கா எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், நான் நண்பனையும் டாக்டரையும் வரிசையாக எழுப்புவேன், அவள் 14416-இல் பேசட்டும். போன வாரம் ஒரு தடவை அடித்தாள். அவன் தூங்கிவிட்டான், அவளுக்குத்தான் தூக்கம் வரவில்லையாம். ஸ்ரீராமபுரத்து அம்மாவின் நம்பரைக் கேட்டாள், அனுப்பினேன்.