பழைய மர மேசை: பூச்சைக் காப்பதா, சுரண்டி எடுப்பதா?

வின்டேஜ் கடைக்கு வந்த மேசை மங்கிக் கிடக்கிறதா? உடனே உப்புத்தாளைத் தொடாதீர்கள். பல சமயம் அழுக்கு மரத்தில் இல்லை, மேலே படிந்த மெழுகில்தான். டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு 0000 எண் ஸ்டீல் வுல்லில் (மிக நைஸான எஃகு நார்) மெழுகு தொட்டு, மர ரேகையின் போக்கிலேயே லேசாகத் தேய்த்து, 15 நிமிடம் கழித்து மெருகேற்றுங்கள். அரை நாள் வேலை. காலம் ஏற்றிய நிறம் அப்படியே தங்கும். வாங்குபவர் காசு கொடுப்பதே அதற்குத்தான்.

பூச்சு பாளம் பாளமாக உரிந்தால் மட்டும் சுரண்டலாம். அதற்கு முன் காலின் உள்பக்கம் ஒரு சொட்டு மெத்திலேட்டட் ஸ்பிரிட் (ஆல்கஹால்) வையுங்கள். ஒரு நிமிடத்தில் பிசுபிசுத்தால் அது ஷெல்லாக், அதாவது அரக்குப் பூச்சு. ஸ்பிரிட்டாலேயே கரைத்து எடுத்துவிடலாம்.

வெனீர் (மெல்லிய மரத் தகடு) ஒட்டிய பலகையில்தான் ஆபத்து. அந்தத் தோல் பல சமயம் 1 மி.மீ.கூட இராது. உப்புத்தாள் மெஷின் ஓரத்தில் சற்றே தயங்கினாலும் அடிப்பலகை பல்லிளிக்கும். அதை மறைப்பது பெரும்பாடு. பழைய பெயின்ட் என்றால் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்கவே கூடாது.

சுரண்டிய மேசைக்கு நிறமும் புதுப்பூச்சும் அடித்துக் காயவைக்க நாலைந்து நாள் போகும். அந்தக் கூலியையும் சேர்த்தே விலை போடுங்கள்.