இரட்டைக் கார்பரேட்டர் மேனிஃபோல்டு: பழைய பிளிமத்துக்கு வாங்கலாமா?

சரக்கு இதுதான்: கிரைஸ்லர் குடும்பத்து பிளாட்ஹெட் (வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் பிளாக்கிலேயே சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும்) ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கான அலுமினிய மேனிஃபோல்டு, அதாவது கார்பரேட்டரிலிருந்து பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் குழாய். ஒற்றைக் கார்பரேட்டர் உட்காரும் இடத்தில் இரண்டு உட்காரும். எட்மண்ட்ஸ், ஆஃபன்ஹவுசர், ஃபென்டன் என்று அந்தக் காலத்திலேயே பெயர் எடுத்த வடிவம். இன்றும் வார்த்து விற்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வரவழைத்தால் கூரியர், சுங்கம், அதன்மேல் 15% வாட் (மதிப்புக்கூட்டு வரி) என்று ஏறிக்கொண்டே போகும். அவ்வளவு கொடுத்து வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் எஞ்சினுக்குள் வேறு ஒரு மலிவான குழாயைப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். அது பின்னால் வருகிறது.

ஆர்டர் போடும் முன் டேப்பை எடுத்து ஹெட்டின் நீளத்தை அளந்துவிடுங்கள். அமெரிக்க பிளிமத், டாட்ஜ் எஞ்சின் ஏறக்குறைய 23 அங்குலம். டிசோட்டோ, கிரைஸ்லர் எஞ்சின் 25. கனடாவில் வார்த்த எஞ்சின், பிளிமத் பெயரில் வந்தாலும் 25தான். தென்னாப்பிரிக்காவில் இரண்டும் ஓடுகின்றன. போதாக்குறைக்கு எழுபது வருடத்தில் எத்தனை பேர் எஞ்சினை மாற்றியிருப்பார்களோ. பேப்பரில் உள்ள மாடலை நம்பி வாங்கினால் ஸ்டட் ஓட்டைகள் சேராது. அலுமினியத்தைத் துளைத்துச் சரிக்கட்டவும் முடியாது, போர்ட்டே (கலவை பிளாக்குக்குள் நுழையும் வாய்) விலகி நிற்கும்.

பெட்டியைப் பிரித்ததும் பூட்ட ஓடாதீர்கள். இந்த வார்ப்புகளில் இரண்டு குறை அடிக்கடி வரும். முதலாவது, பிளாக்கில் உட்காரும் முகம் வளைந்திருப்பது. நேரான எஃகு ஸ்கேலை மூன்று போர்ட்டுக்கும் குறுக்கே வைத்து ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். 0.15 மி.மீ. தகடு எங்காவது நுழைந்தால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் முகத்தைச் சமப்படுத்த வேண்டும். கேஸ்கெட் ஈடுகட்டிக்கொள்ளும் என்று விட்டால் முதல் சூட்டிலேயே காற்று உறிஞ்ச ஆரம்பிக்கும். இரண்டாவது, உள்ளே ஒட்டியிருக்கும் வார்ப்பு மணல். பாட்டில் கழுவும் பிரஷும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்த்துக் காற்றடியுங்கள். அந்த மணல் வால்வு வழியாகப் பிஸ்டனுக்குப் போனால் ரிங்கின் ஆயுள் முடிந்தது. பிறகு கேஸ்கெட்டை முகத்தில் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்துப் பார்த்தால், போர்ட் ஓட்டை கோட்டுக்கு உள்ளே 2 மி.மீ. வரை சிறியதாக நிற்பது தெரியும். ரோட்டரி ஃபைலால் கோடு வரை அராவினால் போதும். கண்ணாடிபோல் மெருகேற்றுவது வீண் வேலை.

இரண்டு கார்பரேட்டரால் என்ன லாபம்? இந்த எஞ்சினில் ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து உறிஞ்சும் போர்ட் மூன்றுதான். 1-2, 3-4, 5-6 என்று ஜோடி ஜோடியாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நடுவில் ஒற்றைக் கார்பரேட்டர் இருக்கும்போது நடு ஜோடிக்குக் கலவை தாராளமாகக் கிடைக்கும், ஓர ஜோடிகளுக்கு இளைத்துத்தான் போகும். பிளக்கைக் கழற்றி வரிசையாக வைத்தால் 3, 4 காப்பிப் பொடி நிறம், 1, 6 வெளுப்பு. இரட்டையில் ஒவ்வொரு கார்பரேட்டரும் இரண்டு போர்ட்டுக்கு நடுவே உட்காருவதால் இந்த ஓரவஞ்சனை பெரும்பாலும் போய்விடும். 1946-48 பிளிமத்தின் 218 கன அங்குல எஞ்சின் 3600 சுற்றில் 95 குதிரைசக்தி. இந்த மேனிஃபோல்டு மட்டும் அதை வேறு எஞ்சினாக்கிவிடாது. கிடைப்பது பிக்கப்பும், மேடு ஏறும்போது மேல் கியரிலேயே இழுக்கும் தெம்பும்தான். டாட்ஜ் கனரக லாரிகளில் தொழிற்சாலையே இரண்டு கார்பரேட்டர் போட்டுக் கொடுத்தது என்பதை நினைவில் வைத்தால், இது வெறும் பூச்சு வேலை இல்லை என்பது புரியும்.

இப்போது அந்தக் குழாய். வாட்டர் பம்புக்குப் பின்னால், பிளாக்கின் உள்ளே நீளவாட்டில் ஒரு தட்டைத் தகரக் குழாய் ஓடுகிறது. அதிலுள்ள வெட்டுகள் வழியாகத்தான் குளிர்ந்த தண்ணீர் ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வால்வுப் பக்கமும் பாய வேண்டும். அசல் குழாய் சாதா இரும்புத் தகடு. துருப்பிடித்து முன்பக்கம் ஓட்டையாகிவிட்டால் தண்ணீர் அங்கேயே வழிந்து திரும்பிவிடும், பம்புக்குத் தூரத்தில் இருக்கும் 5, 6 காய்ந்து கிடக்கும். டேஷ்போர்டு முள் ஒழுங்காகவே நிற்கும், ஆறாவது வால்வு மட்டும் கருகும். கெட்ட சேதி சொல்லாத முள்ளைவிட மோசமானது வண்டியில் வேறொன்றுமில்லை. இந்த நிலையில் கூடுதல் கலவை ஊற்றிக் கூடுதல் சூட்டைக் கிளப்பினால் வால்வு சீக்கிரம் போகுமே தவிர வண்டி ஓடாது.

சோதிப்பது எளிது. எஞ்சின் நன்றாகச் சூடானதும் கையடக்க இன்ஃப்ராரெட் வெப்பமானியை ஹெட்டின் முன் முனையிலும் பின் முனையிலும் காட்டுங்கள். பின்பக்கம் 15 டிகிரிக்கு மேல் கூடியிருந்தால் குழாயைச் சந்தேகிக்கலாம். ரேடியேட்டரும் பம்பும் கழன்றால்தான் கை போகும். வளைத்த கம்பிக் கொக்கியைக் குழாயின் வெட்டில் மாட்டி இழுக்க வேண்டும். முழுசாக வந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் நமுத்துப்போன அப்பளம் மாதிரி துண்டு துண்டாக உதிரும். பக்கவாட்டு வெல்ச் பிளக்குகளையும் (பிளாக்கின் ஓட்டைகளை அடைக்கும் தகட்டு மூடிகள்) தட்டி எடுத்து, அந்த ஓட்டை வழியே கம்பியால் குத்திச் சேற்றை வாரி, ஹோஸ் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். புதுசு பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். வெட்டுகள் வால்வுப் பக்கம் பார்க்க நுழைய வேண்டும், திருப்பிப் போட்டால் பழைய கதைதான். தைப்பூசக் காவடி நாளில், ஜனவரி பிப்ரவரி வெயிலில், டர்பன் சாட்ஸ்வர்த் கோயில் வீதியில் முதல் கியரில் ஊர்ந்து போகிற கல்யாண வண்டிக்கு இரண்டு கார்பரேட்டரைவிட இந்தக் குழாய்தான் பெரிய உபகாரம். பைன்டவுனில் இருந்து ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் ஏறிப் பாருங்கள், வித்தியாசம் மேலே போவதற்குள் தெரிந்துவிடும்.

பூட்டும்போது பித்தளை நட் போடுங்கள், அடுத்த தடவை ஸ்டட் உடையாது. முறுக்கம் 15 முதல் 20 பவுண்டு-அடி, நடுவிலிருந்து ஓரத்துக்கு. ஓர ஸ்டட்டுகளில் வரும் கூம்பு வாஷரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மேனிஃபோல்டு சூட்டில் நீளும்; நழுவ இடம் கொடுக்காமல் இறுக்கினால் காது உடையும். அசல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையே வைத்துக்கொண்டால், முன்பு கார்பரேட்டருக்கு அடியில் சூடு கொடுத்த அதன் மேல்வாயை ஒரு தகடும் கேஸ்கெட்டும் போட்டு மூட வேண்டியிருக்கும். அந்தத் தகடு பெட்டியில் வருவதில்லை. ஒரு நட்சத்திரம் இதற்காகவே குறைக்கலாம்.

டியூனிங்கில்தான் பலர் கோட்டைவிட்டு, மேனிஃபோல்டைத் திட்டுகிறார்கள். முதலில் இரண்டுக்கும் நடுவே உள்ள இணைப்புக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். இரண்டு த்ராட்டிலும் முழுசாக மூடியபின் ஸ்லோ ஸ்குரூவை (மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை வைக்கும் திருகு) அது தொட்ட இடத்திலிருந்து ஒன்றரைச் சுற்று உள்ளே கொடுங்கள், இரண்டுக்கும் ஒரே அளவு. கலவை ஸ்குரூவை மெல்ல மூடி ஒன்றரைச் சுற்று திறங்கள். எஞ்சின் சூடானதும் அரை மீட்டர் ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்பரேட்டர் வாயிலும் வைத்துக் கேளுங்கள். இரண்டிலும் இரைச்சல் ஒரே சுருதியில் வரும்வரை ஸ்லோ ஸ்குரூவைத் திருப்பி, அதற்குப் பிறகுதான் இணைப்புக் கம்பியை மாட்ட வேண்டும். மாட்டும்போது த்ராட்டில் துளிகூட அசையக் கூடாது. கம்பியின் மூட்டில் ஆட்டம் இருந்தால் ஒன்று முந்தித் திறக்கும், வண்டி குதிக்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் குழாய் ஒரே கார்பரேட்டரிலிருந்து போனால் போதும், மற்றதன் வாயை மூடிவிடுங்கள்.

டர்பனில் வாக்குவம் கேஜ் (மேனிஃபோல்டுக்குள் எஞ்சின் உறிஞ்சும் வேகத்தைப் பாதரச அங்குலத்தில் காட்டும் மானி) ஸ்லோவில் 18 முதல் 21 அங்குலத்தில் ஆடாமல் நிற்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில், கிட்டத்தட்ட 1,750 மீட்டர் உயரத்தில், 5 அங்குலம் குறைவாகவே காட்டும். அது கோளாறு இல்லை. அங்கே மெயின் ஜெட்டை ஒன்றிரண்டு அளவு சிறிதாக்கினால்தான் கரும்புகை நிற்கும். முள் தாழ்ந்து நின்றால் மேனிஃபோல்டு முகத்தோடு எண்ணெய் கேனால் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு வாருங்கள். எஞ்சின் சத்தம் மாறும் இடத்தில்தான் காற்று நுழைகிறது.

இந்தச் சரக்கின் உண்மையான பலவீனம் குளிர். அடியில் சூடு இல்லாததால், மேட்டுப்பகுதியான ஹில்டன் பக்கம் காலைப் பனிமூட்டத்தில் கார்பரேட்டரின் தொண்டையில் ஐஸ் கட்டி ஸ்லோ நின்றுபோகும். அடியில் ஹீட்டர் ஹோஸ் சுடுதண்ணீர் ஓடும் தகடு உள்ள வார்ப்பாகப் பார்த்து வாங்குங்கள். கடற்கரையை விட்டு நகராத வண்டிக்கு இது தேவையில்லை.

எக்ஸாஸ்டையும் இரண்டாகப் பிரிக்கலாமா என்றால், சத்தத்துக்காகவே பிரிக்கலாம். ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. முன் மூன்றும் பின் மூன்றும் மாறி மாறி வெடிப்பதால் ஒவ்வொரு குழாயிலும் சீரான இடைவெளியில் துடிப்பு வரும். அந்த உறுமலை வேறு எஞ்சினில் கேட்க முடியாது. மேனிஃபோல்டு இடப்பக்கம் இருப்பதால் நம் வலக்கை ஸ்டீயரிங் வண்டியில் ஸ்டீயரிங் பெட்டி இடிக்கும் தொல்லையும் இல்லை. பழைய மேனிஃபோல்டை அறுத்து வெல்டிங் செய்வதைவிடத் தனியாக வார்த்ததை வாங்குவது மேல். வார்ப்பிரும்பை முன்கூட்டிச் சூடாக்காமல் ஒட்டினால் மறுபடி விரியும்.

கம்ப்ரஷனைக் கூட்ட ஹெட்டைச் சீவுவதையும் இதோடு சேர்த்துக் கேட்பார்கள். 218 எஞ்சினில் ஒரு சிலிண்டர் 595 சிசி. 7-க்கு 1 கம்ப்ரஷனில் எரியறை 99 சிசி, 8-க்கு 1 வேண்டுமானால் 85 சிசி. எவ்வளவு சீவுவது என்பதை பியூரெட்டில் எண்ணெய் விட்டு அளந்து தீர்மானியுங்கள், வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும் பட்டறையில் கொடுக்காதீர்கள். வால்வின் மேல் களிமண் வைத்துச் சுற்றிப் பார்த்து இடைவெளியையும் சரிபாருங்கள். 8-ஐத் தாண்டினால் வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள வழி குறுகி மூச்சு முட்டும், வாங்கிய மேனிஃபோல்டுக்கே வேலை இருக்காது. ஈயமில்லாத 95 பெட்ரோலுக்குப் பயப்படத் தேவையில்லை, எக்ஸாஸ்ட் பக்கம் கடின சீட் வளையம் தொழிற்சாலையிலேயே போட்டதுதான்.

ஐந்துக்கு மூன்றரை. தண்ணீர்க் குழாய் மாற்றி, வால்வும் சரியாக உள்ள எஞ்சினுக்கு நாலு. 500 கிமீ ஓடியதும் எஞ்சின் ஆறியபின் நட்டுகளை மறுபடி பார்த்து இறுக்குங்கள். கழற்றிய அசல் மேனிஃபோல்டையும் கார்பரேட்டரையும் எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்க வருகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார்.